அட்டைப் பெட்டியிலிருந்து இணையம் வரை: ஜேர்மன் நூலகர் கற்ற புதுத்தொழிலும் எம் ஏடுகளும்

நூலகம் என்னும் சொல்லைக் கேட்டதும் எம்மவர் நெஞ்சில் முதலில் எழுவது ஒரு தீயின் நினைவே. 1981ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் நாள் இரவு மூட்டப்பட்ட தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகமும் அங்கிருந்த ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் வெந்து நீறாயின. அந்த இரவைப் பற்றி எம்மவர் எழுதியவை ஏராளம். அந்நூலகத்தை ஆக்கிய உழைப்பைப் பற்றி எழுதியவை அவ்வளவு இல்லை. 1933இல் க. மு. செல்லப்பா என்பார் தம் வீட்டிலே நூல்களை வைத்து அயலவர்க்கு இரவல் கொடுக்கத் தொடங்கினார். மறு ஆண்டே 844 நூல்களுடன் வாடகை அறையொன்றில் அது ஊருக்குரிய நூலகமாயிற்று. 1959இல் திறக்கப்பட்ட புதுக் கட்டடத்துக்கு இந்திய நூலகவியலின் முன்னோடியாகிய எஸ். ஆர். இரங்கநாதன் ஆலோசனை வழங்கினார். இவ்வாறு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் சேர்த்தவை விடிவதற்குள் இல்லாது போயின.

அழிந்தவற்றுள் அச்சு நூல்கள் பலவற்றை வேறிடங்களில் தேடிப் பெற முடிந்தது. ஒற்றைப் பிரதியாக இருந்த சுவடியையும், வேறெவரும் கட்டி வைக்காத பழைய பத்திரிகைக் கட்டையும் எங்கே தேடுவது? இக்கேள்வியை மனத்தில் இருத்திக்கொண்டு, நாம் வந்தடைந்த ஜேர்மனியின் நூலகப் பணியாளர் கடந்த முப்பது ஆண்டுகளில் தம் தொழிலை எவ்வாறு புதிதாகக் கற்றனர் என்பதை நோக்குவோம். அவர்கள் கற்றதில் எமக்குரிய பங்கு ஒன்று உண்டு.

1983 ஆடிக் கலவரத்தை அடுத்து எம்மவர் பெருந்தொகையினராக இந்நாட்டுக்கு வந்தனர். கிழக்கு பேர்லின் விமான நிலையத்தில் இறங்கி, மேற்கு பேர்லினுக்குள் நுழைந்து, பின்னர் ஊர் பேர் தெரியாத முகாம்களுக்கு அனுப்பப்பட்ட கதையை இவ்வேட்டின் மூத்த வாசகர்க்கு நாம் சொல்லத் தேவையில்லை. வேலை செய்யவும் தடை, மாவட்ட எல்லையைத் தாண்டவும் தடை என்றிருந்த அந்நாட்களில், குளிருக்கு ஒதுங்கிக் காசு கொடாமல் அமரக்கூடிய இடங்களுள் நகர நூலகமும் ஒன்று. தொழிலாளராக வந்த துருக்கியருக்கென டுயிஸ்பேர்க் நகர நூலகம் 1970களிலேயே துருக்கிய மொழி நூல்களைச் சேர்க்கத் தொடங்கியிருந்தது. தமிழ் நூலைத் தேடிய எம் இளைஞருக்கோ பெரும்பாலும் உலகப் படத் தொகுதியே துணை.

அக்காலத்து ஜேர்மன் நூலகம் அட்டைகளின் உலகம். ஒவ்வொரு நூலுக்கும் ஆசிரியர் பெயரில் ஓர் அட்டை, பொருளின் பெயரில் ஓர் அட்டை என எழுதி, நீண்ட மர இழுப்பறைகளில் வரிசை பிசகாமல் அடுக்கி வைப்பதே நூலகரின் தலையாய திறமை. கணனி முதலில் அந்த அட்டைப் பெட்டியை அகற்றியது. பின்னர் இரவல் மேசையின் முத்திரையை அகற்றியது. 1990களில் இணையம் வந்தபோது, இனி நூலகர் எதற்கு என்னும் கேள்வியே எழுந்தது. 1998இல் இந்நாட்டுத் தொழிற்கல்வி முறையில் புதிய தொழில் ஒன்று வகுக்கப்பட்டது. ஊடக, தகவல் சேவைகளுக்கான தொழிற்பணியாளர் என்பது அதன் பெயர். பயிற்சிக் காலம் மூன்று ஆண்டுகள். நூலகம், ஆவணக் காப்பகம் முதலிய பிரிவுகள் அதனுள் அடங்கும். பழைய தொழிற்பெயரில் இருந்த ‘நூலகம்’ என்னும் சொல் புதிய பெயரில் இல்லை என்பதை வாசகர் கவனிக்க.

இளையோருக்குப் புதிய பயிற்சி கிடைத்தது. முப்பது ஆண்டுகளாக அட்டை எழுதி வந்தவர்க்கு?

அதற்கான வழி அமெரிக்காவில் பிறந்தது. வட கரோலினா மாநிலத்துச் சார்லட் நகரப் பொது நூலகத்தில் பணியாற்றிய எலன் புளோவர்ஸ் என்னும் அம்மையார் 2006இல் ‘23 விடயங்கள்’ என்னும் பயிற்சியை வகுத்தார். அதில் வகுப்பறை இல்லை, பரீட்சையும் இல்லை. கடைநிலை ஊழியர் முதல் மேலதிகாரி வரை எவரும் தத்தம் கணனி முன் அமர்ந்து, சிறு சிறு செயல்களை ஒவ்வொன்றாகத் தாமே செய்து பார்க்க வேண்டும். இணையத்தில் நாட்குறிப்பு எழுதுதல், புகைப்படம் ஏற்றுதல், பலர் கூடித் திருத்தும் விக்கிப் பக்கத்தில் ஒரு வரி சேர்த்தல், ஒலிப்பதிவு கேட்டல் என்பன அச்செயல்கள். தெரியாவிடின் அடுத்த மேசைக்காரரைக் கேட்கலாம். அவருக்கும் தெரியாவிடின் இருவரும் கூடித் தேடலாம். முடித்தவர்க்கு எம்பி3 பாட்டுக் கருவி ஒன்று பரிசாகக் கிடைத்தது. சிறுபிள்ளைக்கு இனிப்புக் காட்டுவது போன்றதெனச் சிலர் நகைக்கலாம். அந்தக் கருவியில் பாட்டை ஏற்றக் கற்பதும் பாடத்தின் ஒரு பகுதிதான் என்பதை எண்ணினால் அம்மையாரின் கெட்டித்தனம் விளங்கும்.

ஜேர்மனியில் கிறிஸ்ரியான் ஹவுஷ்க, எட்லெவ் ஸ்ரபெனோ என்னும் இரு நூலகத் துறையினர் 2008இல் இம்முறையைத் தம் மொழிக்கு ஏற்ப அமைத்து, ‘13 விடயங்கள்’ எனச் சுருக்கித் தந்தனர். எந்த நூலகத்தைச் சேர்ந்தவரும் கட்டணமின்றி அதனைப் பின்பற்ற முடிந்தது. ஒரு நாட்டின் நூலகர், வெளியிலிருந்து நிபுணர் வரும்வரை காத்திராமல், தம்முள் தெரிந்தவர் தெரியாதவர்க்குச் சொல்லிக் கொடுத்தனர் என்பதே இதில் எம்மைக் கவர்வது. எம்மூர் வாசிகசாலையில் நாளிதழை ஒருவர் உரக்க வாசிக்க நாலு பேர் சுற்றியிருந்து கேட்ட முறைக்கு இது தூரத்து உறவு.

எல்லாம் சுமுகமாக நடந்தேறின என்றில்லை. பல அலுவலகக் கணனிகளில் இத்தகைய தளங்கள் பூட்டப்பட்டிருந்தன. நூல் அடுக்கவே ஆளில்லாதபோது இதற்கு ஏது நேரம் என்னும் முணுமுணுப்பும் எழுந்தது. அன்று கற்ற கருவிகள் சில இன்று இல்லை. தளங்களின் முகவரிகளைச் சேமித்துப் பகிர்ந்த ‘டெலிசியஸ்’ மறைந்தது. செய்திகளைத் திரட்டித் தந்த ‘கூகிள் றீடர்’ 2013இல் நிறுத்தப்பட்டது. ஆயினும் கருவியைத் தொட அஞ்சாத கை எஞ்சியது. 2007இல் கொலோன், கம்பேர்க், மூனிச், வூர்ஸ்பேர்க் ஆகிய நகரங்களில் ‘ஒன்லைஎ’ என்னும் மின்னூல் இரவல் முறை தொடங்கியபோது, வாசகர்க்கு அதனை விளக்க வேண்டிய பொறுப்பும் அந்தக் கைகளிடமே வந்தது.

இக்கல்வியின் பெறுமதி என்ன என்பதைக் கொலோன் நகரில் நேர்ந்த பேரிழப்பு ஒன்று காட்டியது. 2009 மார்ச் 3ஆம் நாள் பிற்பகல், செவரின் வீதியிலிருந்த அந்நகர வரலாற்று ஆவணக் காப்பகம் சில நிமிடங்களில் இடிந்து வீழ்ந்தது. அருகில் நிலத்தடிப் புகையிரதப் பாதைக்காகத் தோண்டியதே காரணம். கட்டட வேலையாட்கள் முன்கூட்டியே கூவி எச்சரித்ததால் காப்பகத்திலிருந்த பணியாளரும் வாசகரும் ஓடித் தப்பினர். அயல்வீட்டிலிருந்த இளைஞர் இருவர் மாண்டனர். ஏறத்தாழ 30 கிலோமீற்றர் நீளமான அடுக்குகளில் இருந்த ஆவணங்களில் பத்தில் ஒன்பது பங்கு மண்ணிலும் நிலத்தடி நீரிலும் புதைந்தது. மிகப் பழைய பத்திரம் 922ஆம் ஆண்டுக்குரியது. நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் ஹைன்றிக் பியோலின் கையெழுத்துப் பிரதிகளை நகரம் விலைக்கு வாங்கிச் சில வாரங்களே ஆகியிருந்தன. வியற்நாம் படகு அகதிகளைக் கடலில் மீட்ட ‘கப் அனமூர்’ கப்பலுக்குத் தோள் கொடுத்தவர் இதே பியோல் என்பதை அகதிகளாகிய நாம் நினைவிற் கொள்ளத்தான் வேண்டும்.

இடிபாட்டிலிருந்து சேற்றோடும் கிழிசலோடும் தாள்களை எடுக்கும் பணி ஒருபுறம் நடந்தது. மறுபுறம், சில நாட்களுள் ஆய்வாளரும் பல்கலைக்கழகத்தினரும் இணைந்து இணையத்தில் ஒரு வாயிலைத் திறந்தனர். ‘கொலோன் வரலாற்று ஆவணங்களின் எண்ணிமக் காப்பகம்’ என்பது அதன் பொருள். இக்காப்பகத்தில் முன்னொரு நாள் ஆய்வு செய்து ஒரு பத்திரத்தை நிழற்பிரதி எடுத்தவரா நீங்கள்? புகைப்படம் பிடித்தவரா? நுண்படச் சுருள் வைத்திருப்பவரா? எவ்வாறாயினும் அதனை மின்வருடியில் இட்டு எமக்கு ஏற்றி அனுப்புங்கள் என்பதே வேண்டுகோள். மாணவரும் பேராசிரியரும் குடும்ப வரலாறு தேடிய முதியோரும் தம் வீட்டு மேசை இழுப்பறையில் கிடந்தவற்றை அனுப்பினர். யார் எந்தப் பத்திரத்தை வைத்திருக்கிறார் என்பதை எந்த நூலகராலும் வீடு வீடாகச் சென்று கேட்டறிய முடியாது. இணையத்தின் வழி கேட்க முடிந்தது.

பின்வந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் புதைந்தவற்றில் மிகப் பெரும்பகுதி மீட்கப்பட்டது. அவற்றைச் சீர்செய்யும் வேலைக்குப் பல பத்தாண்டுகள் வேண்டும். 2021இல் புதிய கட்டடம் திறக்கப்பட்டது. யாழ்ப்பாணத்தில் நேர்ந்தது திட்டமிட்ட எரிப்பு; கொலோனில் நேர்ந்தது விபத்து. இரண்டையும் ஒரு தட்டில் வைத்தல் தகாது. ஆயினும் பிரதி எங்கே இருக்கிறது என்னும் கேள்வி இரு ஊர்களுக்கும் பொது. 1981இல் எம்மிடம் அதனைக் கேட்க வழியிருக்கவில்லை.

ஏட்டை எரித்த வரலாறு ஜேர்மனிக்கும் புதிதன்று. 1933 மே 10ஆம் நாள் பேர்லினில் நாசி மாணவர் நூல்களைக் குவித்துக் கொளுத்தினர். சரியாக ஓராண்டு கழித்து, 1934 மே 10இல், பாரிஸ் நகரில் தஞ்சமடைந்திருந்த ஜேர்மன் எழுத்தாளர், எரிக்கப்பட்ட நூல்களைச் சேர்த்து ஒரு நூலகம் திறந்தனர். அல்பிரெட் கன்ரொறோவிச் அதன் முன்னோடி. ஹைன்றிக் மான் தலைவர். அகதிகள் அமைத்த நூலகம் அது. போர் முடிந்த பின், 1940களின் இறுதியில், பிராங்பேர்ட்டிலிருந்த தேசிய நூல்நிலையம் நாடு நீங்கியோரின் நூல்களையும் ஏடுகளையும் திரட்டத் தொடங்கியது. அவ்வாறு திரட்டிய அகதிச் சஞ்சிகைகளை 1997 முதல் 2003 வரையான காலத்தில் அந்நூலகப் பணியாளர் பக்கம் பக்கமாக எண்ணிம வடிவாக்கினர். முகாமிலும் விடுதி அறையிலும் பசியோடு அச்சிட்ட நாலு பக்க ஏடு, அறுபது ஆண்டுகளின் பின் ஆய்வாளரின் மேசைக்கு வந்தது. அகதி ஏட்டை நடத்துவோர்க்கு இதைவிட இனிய செய்தி வேறென்ன?

எம் பக்கம் நடந்தவற்றைப் பார்ப்போம். சுவிற்சலாந்தின் லவுசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் 1998 தைப்பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடக்கினார். பல நாடுகளிலும் இருந்த தமிழர், பழந்தமிழ் இலக்கியங்களை மாலையில் வேலை முடிந்து வந்து தட்டச்சுச் செய்து, மின்னஞ்சலில் அனுப்பி, மற்றவர் பிழை திருத்தி, இலவசமாக வெளியிட்டனர். எழுத்துருவுக்கு ஒரு முறை, விசைப்பலகைக்கு ஒரு முறை என ஆளுக்கொரு வழி நடந்த அந்நாட்களில் இது எளிய காரியமன்று. யாழ்ப்பாணத்தில் நூலகராகப் பணியாற்றி இலண்டனில் வாழும் என். செல்வராஜா, 2002 முதல் ‘நூல்தேட்டம்’ என்னும் தொகுதிகளை வெளியிட்டு வருகிறார். தொகுதிக்கு ஆயிரம் நூல்கள் என இலங்கைத் தமிழ் நூல்களைப் பற்றிய குறிப்புகளை அவர் ஒழுங்குபடுத்தி வைத்தார். இழந்தது இன்னதென்று அறியாமல் தேடுவது எவ்வாறு? பட்டியலே முதற்படி என்பதை ஒரு நூலகரே அறிவார்.

2005இல் இலங்கையில் இளைஞர் சிலர் தொடங்கிய நூலகத் திட்டம் அடுத்த படி. நூல்களையும் சஞ்சிகைகளையும் பிரசுரங்களையும் பக்கம் பக்கமாக வருடி, எவரும் படிக்கத்தக்கதாக இணையத்தில் இட்டனர். அதன் பட்டியலை விக்கி மென்பொருளில் அமைத்தமை முக்கியமானது. கொழும்பில் ஒருவர் வருடிய இதழுக்குக் கனடாவில் இருக்கும் ஒருவர் தலைப்பு எழுதலாம். நோர்வேயில் இருக்கும் ஒருவர் ஆண்டைத் திருத்தலாம். ஜேர்மன் நூலகர் 2008இல் பயிற்சியாகச் செய்து பழகிய அதே கருவி, எம்மவர் கையில் எரிந்த நூலகத்துக்கு ஈடு செய்யும் கருவியாயிற்று. பின்னர் டொரன்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாக நூலகம் போன்ற பெரிய நிறுவனங்களும் கைகோத்தன.

இப்போது எம் வீட்டு நிலவறைக்கு வருவோம். 1980களிலும் 1990களிலும் ஜேர்மனியில் எம்மவர் நடத்திய ஏடுகள் பல. ‘தூண்டில்’, பிறேமன் நகரிலிருந்து வந்த ‘பூவரசு’ போன்றவற்றைப் பலர் நினைவிற் கொள்வர். பெயரே மறந்துபோன கையெழுத்து ஏடுகளும், றோணியோவில் உருட்டிய மலர்களும், தமிழ்ப் பாடசாலை ஆண்டு விழாப் பிரசுரங்களும் உண்டு. அவற்றுட் சில நூலகத் திட்டத்தில் சேர்ந்துவிட்டன. மற்றவை எங்கே? வீடு மாறும்போது குப்பைக்குப் போனவை போக, எஞ்சியவை நிலவறைப் பெட்டிகளில் ஈரம் பிடித்துக் கிடக்கின்றன. தொலைநகலில் வந்த செய்தித்தாள்களின் நிலை இன்னும் மோசம். வெப்பத்தால் அச்சாகும் அத்தாளின் எழுத்து ஆண்டுகள் செல்லத் தானே மங்கி மறைந்துவிடும். எரிப்பதற்கு ஒருவரும் வரத் தேவையில்லை.

ஜேர்மனியில் வெளியாகும் அச்சு ஏடு எம்மொழியினதாயினும் அதன் இரு பிரதிகளைத் தேசிய நூல்நிலையத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டம். வதிவிட அனுமதியே இல்லாதவன் நடத்திய ஏட்டுக்கு இந்த விதி எங்கே தெரிந்திருக்கும்! தெரிந்து அனுப்பியவரின் ஏடு லைப்சிக்கிலோ பிராங்பேர்ட்டிலோ உலர்ந்த அறையில் பத்திரமாக இருக்கும். பழைய ஏடுகளை நடத்தியோர் தம் ஏட்டின் பெயரை அந்நூல்நிலையத்தின் இணையப் பட்டியலில் ஒருமுறை தேடிப் பார்த்தல் நன்று.

இங்கே எச்சரிக்கை ஒன்றும் வேண்டும். அந்நாள் ஏடுகளில் பலர் புனைபெயரில் எழுதினர். ஊரில் தாயும் தம்பியும் இருந்தமையே காரணம். ஒரு பழைய இதழை வருடி இணையத்தில் இடுவது எளிது. புகைப்படத்தின் கீழ் உண்மைப் பெயரைச் சேர்ப்பதும் எளிது. திரும்பப் பெறுவது அரிது. 2018 மே 25 முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், பேஸ்புக்கில் பக்கம் நடத்துவோரும் அங்கே திரட்டப்படும் தரவுகளுக்குக் கூட்டுப் பொறுப்பாளர் என அடுத்த மாதமே ஐரோப்பிய நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பும் ஜேர்மன் நூலகரை மீண்டும் பாடம் படிக்க வைத்தன. எதனை வெளியிடலாம், எதனைப் பூட்டி வைக்கலாம், யாரிடம் அனுமதி கேட்கலாம் என்பது இப்போது அவர்தம் தொழிலின் பகுதி. எம் சமூக ஊடக வீரர் இதில் இன்னும் முதல் வகுப்பிலேயே இருக்கின்றனர் என்பது எம் கருத்து.

2015இல் ஏறத்தாழ 890,000 பேர் தஞ்சம் கோரி இந்நாட்டுக்கு வந்தபோது, நூலகங்கள் அவர்க்குக் கதவு திறந்த விதம் எம் காலத்திலிருந்து வெகுவாக வேறுபட்டது. அவர்கள் முதலில் கேட்டது நூலையன்று, கைத்தொலைபேசிக்கான இணைய இணைப்பை. பிறர் செய்யும் குற்றத்துக்கு இணைப்பை வழங்கியவரே பொறுப்பாக நேரிடும் என்னும் சட்டச் சிக்கல் அப்போது இருந்தது. 2017இல்தான் அது பெரும்பாலும் நீங்கியது. அச்சிக்கலிடையேயும் பல நூலகங்கள் வழி செய்தன. கொலோன் நகர நூலகம் மொழி கற்போர்க்கெனத் தனி அறையே அமைத்தது. சிரிய நாட்டு இளைஞன் ஒருவனுக்குத் தொலைபேசியில் சொற்பயிற்சியைக் காட்டிக் கொடுத்த பணியாளர், சில ஆண்டுகளுக்கு முன் அதனைத் தாமே தட்டித் தடவிக் கற்றவராகவே இருந்திருப்பார்.

அந்தக் கொலோன் நகரிலேதான் எமக்கு மிக நெருங்கிய செல்வம் ஒன்றும் உள்ளது. பல்கலைக்கழகத்தின் இந்தியவியல், தமிழியல் நிறுவனத்தில் கிளவுஸ் லுட்விக் யானெர்ட் கட்டியெழுப்பிய தமிழ் நூல் தொகுதி ஐரோப்பாவின் மிகப் பெரியவற்றுள் ஒன்று. 1990களிலேயே அங்கு தோமஸ் மால்ரன் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிக்கனைக் கணனிக்குள் கொண்டுவரப் பாடுபட்டார். பின்னர் தமிழ்த்துறையே மூடப்படும் நிலை வந்தபோது உலகத் தமிழர் குரல் எழுப்பினர்; தமிழ்நாட்டு அரசு 2021இல் 1.25 கோடி ரூபா வழங்கியது. பணம் ஒரு தடவை வரும். நூலைத் தேடி எடுத்துத் தரும் ஆள் நாள்தோறும் வேண்டும்.

அந்த ஆள் தமிழ் அறிந்தவராக இருத்தல் ஏன் அவசியம்? ‘பூவரசு’ என்பதை ஏட்டை நடத்தியவர் ஆங்கில உச்சரிப்பில் ஒருவாறு எழுதுவார். அறிஞரின் எழுத்துப்பெயர்ப்பு முறையில் நூலகர் வேறொருவாறு எழுதுவார். தேடும் பேரப்பிள்ளை மூன்றாவது விதமாகத் தட்டுவாள். ஏடு அடுக்கில் இருக்கும், பட்டியலில் அகப்படாது. இன்றைய கணனிப் பட்டியலில் தமிழ் எழுத்தையே இட முடியும். அதனை வாசித்து இட ஒருவர் வேண்டும். 1708இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு தாம் சேர்த்த நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் நூல்களுக்கு ஜேர்மன் மொழியில் குறிப்பெழுதிப் பட்டியல் அமைத்தபோது, அருகில் தமிழ்ப் புலவர் இருந்து சொல்லிக் கொடுத்தனர்.

எம் வீடுகளில் பிள்ளைகளின் தொழிலைப் பற்றிப் பேச்செழுந்தால் மருத்துவம், பொறியியல், வங்கி என்பவற்றுக்கு அப்பால் செல்வது அரிது. மேலே கூறிய மூன்றாண்டு நூலகப் பயிற்சிக்குப் பல்கலைக்கழக அனுமதி தேவையில்லை. பயிற்சிக் காலத்திலேயே மாதச் சம்பளமும் உண்டு. தமிழ்ப் பாடசாலையில் பத்தாண்டுகள் படித்து, ஜேர்மன் மொழியைத் தாய்மொழிபோல் பேசும் பிள்ளை ஒருத்தி அந்த மேசையில் அமர்வாளாயின், நிலவறையிலிருந்து பெட்டியைத் தூக்கி வரும் முதியவர் அவளிடம் தமிழிலேயே சொல்லலாம்: இது எந்த ஆண்டு, எந்த முகாமில், யார் யார் கூடி உருட்டியது என்று.